ஈர்க்கைக் குத்திப் பாருங்கள்: வீட்டுக்குள் வளரும் பூக்கன்றுகள், வாசகர் கேள்வி பதில்

மாரி தொடங்கியதிலிருந்து வந்து சேர்ந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஒரே ராகம்தான். பழுக்குது, அழுகுது, வாடுது, என்ன மருந்து அடிக்கலாம் அக்கா? முதலே சொல்லிவிடுகிறேன், நான் விவசாயம் படித்தவள் இல்லை. மட்டக்களப்பு, கல்லடியில் கடலுக்கும் வாவிக்கும் நடுவில் இருக்கிற ஒரு வீட்டில், விறாந்தையிலும் உள்ளேயுமாக நாற்பது சாடி வைத்திருக்கிறேன், அதைவிடக் கூடுதலாகச் சாகடித்தும் இருக்கிறேன். யூடியூப்பில் சொல்கிற பலது குளிர் நாட்டு வீடுகளுக்கானது. அங்கே பனிக்காலத்தில் ஹீட்டர் போட்டு வீட்டுக்குள் காற்றே காய்ந்துபோவதால் இலைக்குத் தண்ணீர் தெளி என்பார்கள். இங்கே மார்கழியில் துவைத்த சீலை மூன்று நாளாகியும் காயவில்லை, சுவர் வியர்க்கிறது, அதற்குள் இலையையும் நனைத்து வைத்தால் பூஞ்சணம் பிடிக்காமல் என்ன செய்யும்? ஆகவே கீழே எழுதுவதெல்லாம் நம்முடைய கிணறு, நம்முடைய காற்று, நம்முடைய வீட்டு வெளிச்சம் ஆகியவற்றை வைத்துத்தான்.

ஹோல் மூலையில் ரீவிக்குப் பக்கத்தில் மணி பிளாண்ட் வைத்திருக்கிறேன். ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடம் போக முதல் ஒரு கோப்பை தண்ணீர் தவறாமல் ஊற்றுகிறேன். அப்படியிருந்தும் கீழ் இலைகள் ஒவ்வொன்றாகப் பழுத்து விழுகின்றன, புது இலையும் சின்னனாகத்தான் வருகிறது. தண்ணீர் காணாதா அக்கா?
(ஓர் ஆசிரியை, களுவாஞ்சிகுடி)

"அப்படியிருந்தும்" என்று எழுதியிருக்கிறீர்களே ரீச்சர், அந்த இடத்தில் "அதனால்தான்" என்று போட்டால் பதில் முடிந்துவிடும்.

மண்ணில் துகளுக்கும் துகளுக்கும் இடையில் சின்னச் சின்ன இடைவெளிகள் இருக்கின்றன, அதில் காற்று இருக்கிறது. வேருக்கும் ஒட்சிசன் வேண்டும். ஒவ்வொரு நாளும் ஊற்றினால் அந்த இடைவெளியெல்லாம் தண்ணீர் நிரம்பி, வேர் மூச்சுத் திணறி அழுகத் தொடங்கும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது, அதனால் ஈர மண்ணில் நின்றுகொண்டே இலை வாடும், நாம் வாடுகிறதே என்று இன்னொரு கோப்பை ஊற்றுவோம். இப்படித்தான் நான் 7 வருடம் வளர்த்த ஒரு பீஸ் லில்லியைப் பறிகொடுத்தேன். சாடியைக் கவிழ்த்துக் கொட்டியபோது வாவிச் சேற்று மணம் அடித்தது. வேரைப் பிடித்து இழுத்தால் மேல் தோல் விரலோடு கழன்று வந்து, உள்ளே நூல் மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சியது. நல்ல வேர் வெள்ளையாகவோ இளம் மஞ்சளாகவோ இருக்கும், நசித்தால் விறைப்பாக இருக்கும். அந்தச் சாடியில் நல்ல வேர் என்று ஒன்றுகூட இருக்கவில்லை.

சரி, எப்போது ஊற்றுவது? கலண்டரைப் பார்க்காதீர்கள், ஈர்க்கைக் கேளுங்கள். காய்ந்த தென்னை ஈர்க்கு ஒன்றை எடுத்து, சாடி விளிம்போரமாக முக்கால் ஆழத்துக்கு மெதுவாகக் குத்தி, ஐந்து நிமிடம் விட்டு இழுங்கள். ஈர்க்கு கறுத்து, மண் ஒட்டி வந்தால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். காய்ந்து சுத்தமாக வந்தால் ஊற்றலாம். பிட்டு அவிந்ததா என்று பார்க்கிற கைக்கு இது ஒன்றும் புதிது இல்லை. கொஞ்ச நாள் பழகினால் ஈர்க்கும் தேவைப்படாது, சாடியைத் தூக்கிப் பார்த்தாலே பாரத்தில் விளங்கிவிடும். என் வீட்டு மணி பிளாண்டுக்கு மாரியில் 8 நாளைக்கு ஒருதரம், சில நேரம் 10 நாளும் போகும். கச்சான் அடிக்கிற ஆனி ஆடியில் அதே சாடி மூன்றாம் நாள் காய்ந்து கிடக்கும். (இது கொறிக்கிற கச்சான் இல்லை, வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தென்மேற்கிலிருந்து மலைநாட்டைத் தாண்டி, ஈரமெல்லாம் அந்தப் பக்கமே கொட்டிவிட்டு, நம் பக்கம் காய்ந்து சூடாக இறங்குகிற காற்று.) ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடித்துவாரத்தால் வழிகிற அளவுக்கு ஊற்றி, வழிந்ததைத் தட்டிலிருந்து கொட்டிவிட்டு, பிறகு ஈர்க்கு சொல்லும் வரைக்கும் அந்தப் பக்கமே போகாதீர்கள்.

புது இலை சின்னனாக வருவதற்குக் காரணம் அந்த மூலை. நம் கண் இருட்டுக்குப் பழகிவிடும், அதனால் மூலையும் வெளிச்சமாகத்தான் தெரியும், ஆனால் உச்சி வெயிலில் முற்றத்தில் ஒரு இலட்சம் லக்ஸ் வெளிச்சம் என்றால் ஹோல் மூலையில் நூறுகூட இருக்காது. பகல் 12 மணிக்கு லைற் போடாமல், சாடிக்கு மேலே ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து அதற்கு முன்னால் கையை நீட்டிப் பாருங்கள். கையின் நிழல் விளிம்போடு தெரிந்தால் நல்ல வெளிச்சம், மங்கலாகத் தெரிந்தால் மணி பிளாண்டுக்குக் காணும், நிழலே விழாவிட்டால் அது பிளாஸ்ரிக் பூ வைக்கிற இடம். மணி பிளாண்ட் பசிபிக் சமுத்திரத்தில் மூரேயா என்ற தீவிலிருந்து வந்த கொடி, மரத்தில் ஏறுவதுதான் அதன் இயல்பு. நம் வளவுகளில் யாரோ எறிந்த துண்டு மாமரத்தில் ஏறி, சுளகு அளவுக்கு இலை விட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் உங்கள் ரீவிக்குப் பக்கத்தில் நிற்பதும் ஒரே கொடிதான். யன்னலிலிருந்து மூன்று நான்கு அடிக்குள் கொண்டுபோய் வையுங்கள்.

மண்ணையும் மாற்றுங்கள். செம்மண்ணை மட்டும் போட்டால் இறுகிவிடும், நம் கரையோர மணலை மட்டும் போட்டால் ஒன்றும் தங்காது. நான் போடுவது தோட்டத்து மண் ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு, உமிக்கரி ஒரு பங்கு, மக்கிய மாட்டெரு அரைப் பங்கு. சம்மாந்துறைப் பக்கம் சொந்தக்காரர் இருந்தால் ரைஸ்மில் உமிக்கு என்ன பஞ்சம், ஒரு உரப்பை கொண்டு வந்து சாம்பலாகாமல் கருக்கி எடுங்கள். அப்புறம், தண்ணீர் வடியட்டும் என்று அடியில் கல் நிரப்புகிற பழக்கம் எல்லோரிடமும் இருக்கிறது. அது வடிய வைக்காது. தண்ணீர் மண்ணிலிருந்து கல்லுக்கு இலேசில் இறங்காமல் கல்லுக்கு மேலேயே தேங்கும், வேருக்கு இடமும் குறையும். துவாரத்தை அடைக்காமல் ஒரு சிரட்டைத் துண்டு போதும்.

எங்கள் வீட்டு பீஸ் லில்லி, டிரசீனா இரண்டுக்கும் இலை நுனி நெருப்பில் காட்டியது போல மண்ணிறமாகக் கருகுகிறது. மண் சாடியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. கிணற்றுத் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். உரம் காணாது என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.
(ஒரு வாசகர், ஆரையம்பதி)

பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைக் கேட்டு உரம் போட்டிருந்தால் உடனே நிறுத்துங்கள் தம்பி. அந்த வெள்ளைப் பூப்பு உப்பு.

நம் கரையோரக் கிணறுகளில் நல்ல தண்ணீர் என்பது மழை மண்ணுக்குள் இறங்கி, கீழே இருக்கிற உவர்த் தண்ணீருக்கு மேலே பாலாடை மாதிரி மிதக்கிற ஒரு படைதான். கோடையில் மோட்டர் போட்டு இழுக்க இழுக்க அந்த ஆடை மெலிந்து, கீழிருப்பது மேலே வரும். ஆவணி புரட்டாதியில் கிணற்றுத் தண்ணீரில் தேத்தண்ணி போட்டால் நாக்கில் அந்தச் சவர் தெரியுமே, அதுதான். அதே தண்ணீரைக் கன்று குடிக்கிறது, இலை வழியாகத் தண்ணீர் மட்டும் ஆவியாகிப் போகிறது, உப்பு இலையின் நுனியிலும் ஓரத்திலும் சேர்ந்துகொண்டே வந்து அந்த இடத்தைக் கருக்குகிறது. கொதிக்க வைத்து ஆற்றி ஊற்றலாமா என்றும் கீழே சின்ன எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். கொதிக்க வைத்தால் தண்ணீர்தான் வற்றும், உப்பு அப்படியே இருக்கும், இன்னும் கரிக்கும்.

முற்றத்தில் நிற்கிற செவ்வரத்தைக்கும் அதே கிணற்றுத் தண்ணீர்தானே, அது ஏன் கருகவில்லை என்று யோசித்துப் பாருங்கள். ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரைக்கும் அடிக்கிற மழை அதன் வேரடி உப்பையெல்லாம் ஒவ்வொரு வருடமும் கழுவிக் கீழே இறக்கிவிடுகிறது. 2004 கடல் வந்த பிறகு உப்பாகிப்போன கிணறுகளையும் கடைசியில் மாரிமழைதான் கழுவித் தந்தது. வீட்டுக்குள் கூரைக்குக் கீழே நிற்கிற சாடிக்கு அந்த மழை ஒருநாளும் கிடைப்பதில்லை. நாம் ஊற்றிய உப்பு நாம் கழுவும் வரைக்கும் அங்கேயே இருக்கும்.

ஆகவே இப்போது மாரியில் செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். பலத்த காற்றில்லாத ஒரு மழை நாளில் இரண்டு சாடியையும் வெளியே தூக்கி வைத்து, ஓர் இரவு முழுக்க நனைய விடுங்கள். அப்படி முடியாவிட்டால் பீலியிலிருந்து வாளியில் பிடித்த மழைத் தண்ணீரை, சாடி கொள்கிற மண்ணைப் போல இரண்டு மடங்கு அளவுக்கு, மெதுவாக ஊற்றி வடிய விடுங்கள். தட்டில் வடிந்ததைத் திரும்ப உறிஞ்ச விடக்கூடாது. (பீலித் தண்ணீரில் முதல் மழை வேண்டாம், அது கூரைத் தூசியும் காக்கை எச்சமும்.) கோடையில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதே மாதிரிக் கழுவுங்கள். உன்னிச்சைக் குளத்துக் குழாய்த் தண்ணீர் வீட்டுக்கு வருகிறதென்றால் கோடையில் கிணற்றை விட்டுவிட்டு அதை ஊற்றலாம், குளோரின் மணத்தால் பயப்படத் தேவையில்லை, ஓர் இரவு வாளியில் திறந்து வைத்தால் போதும். கருகிய நுனி திரும்பப் பச்சையாகாது, கத்தரிக்கோலால் இலையின் வடிவத்திலேயே சாய்வாக வெட்டிவிட்டுப் புது இலையைப் பாருங்கள்.

தும்புத்தூளையும் சந்தேகப்படுங்கள். வாங்கின தூளை ஒரு துணியில் போட்டுக் கட்டி வாளித் தண்ணீரில் ஊறவைத்தால் தேயிலைச் சாயம் மாதிரி இறங்கும், சில தூளில் உப்பும் சேர்ந்தே இறங்கும். சாயம் வெளுக்கும் வரைக்கும் மூன்று நான்கு தண்ணீர் மாற்றி, பிழிந்து பாவியுங்கள்.

பிஎச்ஐ (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) மாத்தயா வந்து யன்னலில் போத்தலில் வைத்திருந்த மணி பிளாண்டைக் கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது. இது நியாயமா?
(ஒரு வாசகி, ஏறாவூர்)

நியாயம்தான் தங்கச்சி, கோபிக்காதீர்கள். டெங்கு நுளம்புக்குச் சாக்கடை பிடிக்காது, உங்களுடைய போத்தலைப் போலச் சுத்தமாக, ஆடாமல், நிழலில் நிற்கிற தண்ணீர்தான் பிடிக்கும். இந்தச் சூட்டில் முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வரைக்கும் ஒரு கிழமை கொஞ்சம் கூடத்தான் எடுக்கும். நுளம்பு பெருகும் இடங்களை வீட்டில் வைத்திருக்கக்கூடாது என்று 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமே இருக்கிறது, அவர் வழக்குப் போடாமல் கொட்டச் சொல்லிவிட்டுப் போனதே பெரிய காரியம்.

பலர் தண்ணீரை மட்டும் மாற்றிவிட்டுச் சரி என்று நினைக்கிறார்கள். முட்டை தண்ணீரில் மிதப்பதில்லை, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போத்தலின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும், மாதக்கணக்காகக் காய்ந்து கிடந்தாலும் சாகாது, தண்ணீர் தொட்டதும் பொரிக்கும். ஆகவே 4 நாளைக்கு ஒருமுறை தண்ணீரை மண்ணில் கொட்டி (சிங்கில் கொட்டாதீர்கள்), போத்தலின் உட்பக்கத்தைப் பிரஷ் போட்டு உரசி, வேரையும் குழாயில் கழுவி, பிறகு புதுத் தண்ணீர் விட வேண்டும். வாயில் ஒரு வலைத்துணியைக் கொடியைச் சுற்றிக் கட்டிவிடலாம். இதெல்லாம் ஏலாது என்றால் மண்ணுக்கு மாற்றுங்கள், அதுவும் இன்னும் நன்றாக வளரும். சாடிக்குக் கீழே வைக்கிற தட்டும் இதே கணக்குத்தான். என் வீட்டில் தட்டுகளில் குறுமணலை நிரப்பிவிட்டேன், தண்ணீர் மணலுக்குள் போய்விடும், மேலே தேங்காது.

மணி பிளாண்டைக் களவெடுத்து நட்டால்தான் வளருமாம், உண்மையா?
(செங்கலடி)

கேட்டு வாங்கினதும் வளரும். தண்டில் கணு இருக்க வேண்டும், அவ்வளவுதான். இலையை மட்டும் களவெடுத்தவர்களுக்குத்தான் வளராது.

பேரப்பிள்ளை தவழத் தொடங்கிவிட்டாள். வீட்டில் வெள்ளைப் புள்ளி போட்ட பெரிய இலைக் கன்று ஒன்று நிற்கிறது, நஞ்சு என்று மருமகள் பயப்படுகிறாள். எறியச் சொல்கிறாள். 10 வருடமாக நிற்கிறது.
(ஒரு பாட்டி, அக்கரைப்பற்று)

அனுப்பிய படத்தைப் பார்த்தேன் அம்மா, அது டிஃபன்பேக்கியா. மருமகள் சொல்வது சரி.

இதன் இலையிலும் தண்டிலும் கல்சியம் ஒட்சலேற்று என்ற பொருள் ஊசி ஊசியாக இருக்கிறது. சேம்பு வெட்டினால் கை கடிக்கிறதே, புளி விடாமல் சமைத்தால் தொண்டை அரிக்கிறதே, அதே ஊசிதான், சேம்பும் இதுவும் ஒரே குடும்பம். பிள்ளை கடித்தால் வாய் எரிந்து, உதடும் நாக்கும் வீங்கி, வாணி வடியும். உயிருக்கு ஆபத்தாவது குறைவு, ஆனால் தொண்டை வீங்கினால் மூச்சுக்குக் கஷ்டம். அப்படி நடந்தால் வாயை ஈரத் துணியால் துடைத்து, தண்ணீரோ குளிர்ந்த பாலோ கொஞ்சம் குடிக்கக் கொடுத்து, வாந்தி எடுக்க வைக்காமல், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். மூச்சு இழுத்தால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள். வெட்டும்போது பால் கண்ணில் படாமல் உங்களையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மணி பிளாண்ட், அக்லோனிமா, பீஸ் லில்லி, கலேடியம் எல்லாமே இந்தக் குடும்பம்தான். பயந்து எல்லாவற்றையும் எறிய வேண்டாம், பிள்ளை எழுந்து நடந்து சொல்வழி கேட்கும் வரைக்கும் உயரத்தில் தொங்க விடுங்கள். டிஃபன்பேக்கியாவை மட்டும் பிள்ளைகள் இல்லாத ஒரு வீட்டுக்கு, அது என்னவென்று சொல்லியே கொடுங்கள். நிலத்தில் வைக்க வேண்டுமென்றால் அரேக்கா பாம், ஸ்பைடர் பிளாண்ட், போஸ்டன் ஃபேர்ன் மூன்றும் பிள்ளைக்கும் பூனைக்கும் பயமில்லாதவை.

சாடியைச் சுற்றிச் சின்னச் சின்னக் கறுப்பு ஈ பறக்கிறது. சாப்பிடும்போது பீங்கானுக்குள் விழுகிறது. பழப் பூச்சியா? நாங்கள் தேயிலைச் சக்கை, முட்டைக்கோது, அரிசி கழுவின தண்ணீர் எல்லாம் போட்டு இயற்கையாகத்தான் வளர்க்கிறோம்.
(கல்முனை)

இயற்கை வந்து பறக்கிறது, நீங்கள்தான் கூப்பிட்டீர்கள்! இது பழப் பூச்சி இல்லை, ஈர மண்ணில் முட்டையிடுகிற பூஞ்சண ஈ. கடிக்காது, நோய் கொண்டு வராது, ஆனால் இதன் புழு மண்ணின் மேல் இரண்டு அங்குலத்துக்குள் இருந்துகொண்டு பூஞ்சணத்தையும் மக்குகிறதையும் தின்று, அது காணாவிட்டால் இளம் வேரையும் தின்னும். பால் தேத்தண்ணிச் சக்கையும் அரிசிக் கழனியும் அதற்கு விருந்து. அவற்றை முற்றத்து வாழைக்குப் போடுங்கள். முட்டைக்கோதால் கெடுதி இல்லை, ஆனால் மாதக்கணக்கில் கிடந்தாலும் அது கரைந்து கன்றுக்குச் சேருவது கொஞ்சம்தான், தூளாக இடித்தால் கொஞ்சம் பரவாயில்லை.

மேல் மண்ணை இரண்டு அங்குலம் நன்றாகக் காய விடுங்கள், பாதி பிரச்சினை அதோடு போய்விடும். கழுவிக் காய்ந்த ஆற்று மணலை ஒரு விரல் தடிப்புக்கு மேலே பரப்பினால் ஈ முட்டையிட இடம் தேடி அலையும். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் பூசிச் சாடியில் குத்தி வைத்தால் பறக்கிறவை ஒட்டும். ஒரு தலைமுறை முடிய மூன்று நான்கு கிழமை எடுக்கும், அதுவரைக்கும் பொறுமையாக இருங்கள். கடல் மணலை மட்டும் போட்டுவிடாதீர்கள், மேலே ஆரையம்பதித் தம்பிக்கு எழுதியதைத் திரும்ப எழுத வேண்டி வரும்.

லொறியில் கொண்டுவந்து விற்றவரிடம் கந்தோருக்கென்று 4 கன்று வாங்கினோம். வாங்கும்போது இலை பளபளவென்று இருந்தது. ஏசி அறையில் வைத்து இரண்டு கிழமைக்குள் பைக்கஸ் மரம் இலையெல்லாம் கொட்டிவிட்டது. ஏமாற்றிவிட்டாரா?
(ஓர் அரச ஊழியர், அம்பாறை)

அவர் ஏமாற்றவில்லை, கன்றுதான் ஏமாந்தது. மலைநாட்டுக் குளிரில், வலைப்பந்தலுக்குக் கீழே நல்ல வெளிச்சத்திலும் ஈரக் காற்றிலும் வளர்ந்ததைத் திடீரென்று ஏசிக்குள் கொண்டுபோய் வைத்தால், அந்த வெளிச்சத்துக்கென்று செய்த இலை இந்த வெளிச்சத்துக்கு உதவாது என்று கொட்டிவிட்டுப் புது இலை விடப் பார்க்கும். பைக்கஸ் இதில் மிகவும் ரோசக்காரன், இடத்தை மாற்றினாலே கொட்டுவான். நகத்தால் கொப்பைச் சுரண்டிப் பாருங்கள், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. யன்னலோரமாக, ஏசிக் காற்று நேரே அடிக்காத இடத்தில் வைத்து, இலை இல்லாத கன்று அதிகம் குடிக்காது என்பதால் தண்ணீரைக் குறைத்து, உரம் போடாமல் ஒன்றரை மாதம் பொறுங்கள்.

அடுத்த தடவை வாங்கினால் நேரே உள்ளே கொண்டுபோகாமல் விறாந்தையில் இரண்டு மூன்று கிழமை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளுக்கு நகர்த்துங்கள். இன்னொன்று, சாடியைக் கழற்றிப் பாருங்கள். நான் ஒருமுறை வாங்கிய அக்லோனிமாவில், அழகான சாடிக்குள் மேலே தும்பு பரப்பி மறைத்து, கீழே கறுப்புப் பொலித்தீன் பை அப்படியே இருந்தது, வேர் பைக்குள் சுருண்டு சுருண்டு கயிற்றுக் கட்டாகி இருந்தது. கந்தோருக்கு என்றால், யாரும் சனி ஞாயிறு தண்ணீர் விட மாட்டார்கள் என்பதையும் சேர்த்து, ஸீஸீ பிளாண்ட் வையுங்கள். மண்ணுக்குள் உருளைக்கிழங்கு மாதிரி கிழங்கில் தண்ணீரைச் சேர்த்து வைத்திருக்கும், மூன்று கிழமை மறந்தாலும் கோபிக்காது. ஒவ்வொருவரும் தன் பங்குக்கு ஊற்றினால்தான் அழுகும், ஆகவே ஒருவரை மட்டும் பொறுப்பாக வையுங்கள்.

படுக்கையறையில் கன்று வைத்தால் இரவில் நமக்கு மூச்சு முட்டுமா? சிலர் மாறாக, காற்றைச் சுத்தமாக்கும் என்று நாசாவே சொன்னதாகச் சொல்கிறார்கள்.
(நிந்தவூர்)

இரண்டும் பெரிதுபடுத்தின கதை. இரவில் கன்று விடுகிற காபனீரொட்சைட்டு, பக்கத்தில் குறட்டை விடுகிறவர் விடுவதோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. நாசா ஆய்வு 1989இல் நடந்தது உண்மை, ஆனால் அது அடைத்து மூடிய சின்னப் பெட்டிகளுக்குள். நம் வீட்டில் யன்னலும் ஓட்டு இடுக்குமாகக் காற்று வந்து போகிறது. 2019இல் அந்த மாதிரி ஆய்வுகளையெல்லாம் சேர்த்துக் கணக்குப் பார்த்தவர்கள், யன்னலைத் திறப்பதற்குச் சமமாக வர வேண்டுமென்றால் ஒரு சதுர மீற்றருக்கு 10இலிருந்து 1000 கன்று வரைக்கும் வைக்க வேண்டும் என்றார்கள். பிறகு கட்டிலை எங்கே போடுவது? வடிவுக்கு வையுங்கள், காற்றுக்கு யன்னலைத் திறவுங்கள்.

மஞ்சள் கரை போட்ட ஸ்னேக் பிளாண்டின் இலையைத் துண்டு துண்டாக வெட்டி நட்டேன். முளைத்தது எல்லாம் வெறும் பச்சை. தவறு என்ன?
(வாழைச்சேனை)

தவறு உங்களுடையது இல்லை. அந்த மஞ்சள் கரை வேறொரு கலப் படையிலிருந்து வருவது, இலைத் துண்டிலிருந்து கிளம்புகிற முளை பச்சைப் படையிலிருந்து கிளம்பும், கரை வராது. கரையோடு வேண்டுமென்றால் மண்ணுக்குள் ஓடுகிற கிழங்கோடு குட்டியைப் பிரித்து நட வேண்டும். பச்சையாக வந்ததை எறியாதீர்கள், நம் காட்டோரங்களில் நிற்கிற மருளின் ஒன்றுவிட்ட தம்பி அது, முந்தி மருள் நாரில் வில்லுக்கு நாணே முறுக்கியிருக்கிறார்கள்.

குரோட்டனிலும் செம்பருத்திப் போன்சாயிலும் பஞ்சு மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கிறது, எறும்பும் ஏறுகிறது. எறும்பு மருந்து போட்டும் போகவில்லை.
(காரைதீவு)

பஞ்சில்லை, வெண்மூட்டுப்பூச்சி. எறும்பு சும்மா ஏறவில்லை, அந்தப் பூச்சி விடுகிற இனிப்புத் தண்ணீருக்காகப் பூச்சியைக் காவல் காத்து, கன்றுக்குக் கன்று கொண்டுபோயும் வைக்கும், மாடு மேய்க்கிற மாதிரி. முதலில் அந்தச் சாடியை மற்றதுகளோடு சேர்த்து வைக்காமல் பிரியுங்கள். காது துடைக்கிற பஞ்சுக் குச்சியில் சேர்ஜிக்கல் ஸ்பிரிட் தொட்டு, இலைக் கக்கத்தில் இருப்பதை ஒவ்வொன்றாகத் தடவுங்கள், வெள்ளை மாவு கரைந்து உள்ளே இருக்கிற செம்மஞ்சள் உடம்பு தெரியும், அப்போது விளங்கும் செத்தது என்று. மிச்சத்துக்கு ஒரு லீற்றர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெயும் சில துளி பாத்திரம் கழுவுகிற திரவமும் போட்டுக் குலுக்கி, வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். முட்டை தப்பிவிடும், ஆகவே கிழமைக்கு ஒருதரம் நான்கு கிழமை விடாமல். குரோட்டனுக்கு வெயில் வேண்டும், உள்ளே வைத்ததும் ஒரு காரணம்.

கலேடியம் ஐந்து சாடி வைத்திருந்தேன். சிவப்பும் வெள்ளையுமாக அவ்வளவு வடிவு. ஒவ்வொரு இலையாகச் சாய்ந்து கடைசியில் ஒன்றுமே இல்லை. தண்ணீர் விட்டும் பார்த்தேன், உரமும் போட்டேன். சாடியைக் கழுவி வேறு ஏதாவது நடவா?
(ஒரு வாசகி, மண்டூர்)

ஐயோ, கழுவிவிடாதீர்கள்! தண்ணீரையும் உரத்தையும் இன்றைக்கே நிறுத்துங்கள்.

கலேடியம் சாகவில்லை மகள், படுத்திருக்கிறது. சில மாதம் இலை விட்டு, பிறகு இலையெல்லாம் உதிர்த்து, மண்ணுக்குள் கிழங்காக உறங்கும். உறங்குகிற கிழங்குக்குத் தண்ணீர் விட்டால்தான் அழுகும். மண்ணைக் கிளறிப் பாருங்கள், கொட்டைப்பாக்கிலிருந்து சின்ன வெங்காயம் வரைக்குமான அளவில் கிழங்கு இருக்கும். நசித்தால் கல்லு மாதிரி இருந்தால் நல்லது, பிசுபிசுத்தால் எறியுங்கள். நல்லதைக் காய்ந்த உமிக்கரிக்குள்ளோ அதே சாடியின் காய்ந்த மண்ணிலோ, மழை படாத இடத்தில் இரண்டு மூன்று மாதம் மறந்துவிடுங்கள். எனக்கும் இது தெரியாமல் ஒரு வருடம் மூன்று சாடியை வேலியோரம் எருக்குவியலில் கொட்டிவிட்டேன். அடுத்த மழைக்குப் பிறகு முருங்கை மரத்துக்குக் கீழே, தேங்காய் மட்டைக்கும் மீன் செதிலுக்கும் நடுவில், நான் காசு கொடுத்து வாங்கிய அதே சிவப்பு இலை குடை விரித்துக்கொண்டு நின்றது. அதைத் தோண்டி எடுத்துச் சாடிக்கு மாற்றினேன், இப்போது யன்னலில் நிற்கிறது. உங்களுடையது முளைக்கத் தொடங்கினால் முதல் இலைச் சுருள் விரியும் வரைக்கும் ஒரு நாளைக்கு ஒரு கையளவு தண்ணீருக்கு மேலே விடாதீர்கள்.